ராகுகாலத்தில் கரண்டி தொடாத மேசன்

7

"உங்கடை ஆள் அம்பிட்டிட்டார், அண்ணை!"

உதவியாளர் டொலறஸ் மேசையில் போட்டோவைப் போட்ட வேகத்தில் தில்லையம்பலத்தின் தேத்தண்ணி தளும்பிச் சோசரில் கொட்டியது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில்தான் தில்லை விசாரணைச் சேவையின் ஒற்றை அறை இருந்தது. கீழே கருவாட்டுப் பெட்டி உடைக்கிறார்கள் என்பதை மூக்கு சொல்லியது.

"எந்த ஆள்?"

"எந்த ஆளோ! ஏழு கிழமையா லண்டன் முழுக்க வலை வீசுறம், ஒரு நெத்தலி விழேல்லை. மனுசன் ஆபிரிக்காவிலை நிண்டு முதுகைக் காட்டுறார்."

தில்லையம்பலம் உடனே போட்டோவை எடுக்கவில்லை. முதலில் சோசரைத் துடைத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். டொலறஸ் அதைக் கவனித்தாள். யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண், எதையும் கவனிக்காமல் விடமாட்டாள்.

தில்லையம்பலத்தின் தொழில் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு. எஞ்சினியர் என்று சொல்கிறவர் உண்மையில் பெட்ரோல் ஸ்டேசனில் ஷிப்ட் அடிக்கிறாரா, அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துச் சொல்வார். எந்தக் கேஸ் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி "போட்டோ இருக்கோ?" என்பதுதான். அலுமாரியில் மூன்று சப்பாத்துப் பெட்டி நிறைய மாப்பிள்ளைமார் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இந்தக் கேஸ் வேறு. ஹரோவில் தமையன் பத்மநாதன் வீட்டில் இருக்கிற சிவகௌரி ஏழு வாரத்துக்கு முன்னால் வந்து இதே கதிரையில் உட்கார்ந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன், மேசன் சபாரத்தினம், நைரோபியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டதாக, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்ட் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட்டிருந்தான். மூன்று வருஷம் கழித்து அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்தாள். கணவனைக் காணவில்லை. லண்டனுக்கு வந்த மனுஷன் ஏன் பெண்சாதியைத் தேடவில்லை? ஊர்ச்சனம் அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தது. பிள்ளை மலருக்கும் இப்போது பத்து வயதாகிறது, அவளும் அந்தப் பதிலைப் பாடமாக்கிவிட்டாள்.

"அவர் என்னை விட்டிட்டுப் போனவரோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ. பேந்து நான் கையெழுத்துப் போடுறன்" என்றாள் சிவகௌரி. விவாகரத்துப் பத்திரம் தயார். வருகிற திங்கட்கிழமை காலை சொலிசிற்றரிடம் தமையன் நேரம் வாங்கி வைத்திருந்தார்.

இங்கே வாசகரிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சபாரத்தினம் லண்டனுக்கு வரவே இல்லை என்பது அவள் வாயைத் திறந்த முதல் நாளே தில்லையம்பலத்துக்குத் தெரியும். அவன் வரவேண்டிய விமானத்தில் வந்தது யார் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே கேஸை எடுத்தார். ஏழு கிழமையாகக் கோயில் பட்டியல், ஆஸ்பத்திரிப் பட்டியல் என்று கோப்பை இரண்டு அங்குலம் தடிக்க வைத்தார். ஆளில்லாத ஊரில் ஆளைத் தேடுவது சுலபம், ஆனால் நித்திரை வருவதில்லை.

போட்டோவைக் கடைசியில் எடுத்தார்.

சாம்பல் கல் அடுக்கிய பாதி வீடு. ஒரு மனிதன் முதுகைக் காட்டியபடி வாசல் நிலையை நிமிர்த்திப் பிடித்திருக்கிறான். நிலையின் மேல் சட்டத்தில் மஞ்சள் துணி முடிச்சும் ஒரு கொத்து மாவிலையும்.

"நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார நேர்ஸ் நியாம்புரா தெரியும்தானே? அவா நைரோபிக்குப் பக்கத்திலை வீடு கட்டுறா. தம்பிக்காரன் மாதம் மாதம் போட்டோ அனுப்புவான். ஆபிரிக்காவிலை ஆர் அண்ணை நிலைக்கு மாவிலை கட்டுறது?"

"நைரோபியிலை குஜராத்திச் சனம் நிறைய. அவையளும் தோரணம் கட்டுவினம்."

"அதையும் கேட்டிட்டன். ஹார்ட்வெயர் கடைக்காரர் குஜராத்திதானாம். அவர் குஜராத்தியிலை கதைச்சால் இந்தாள் சுவாகிலியிலை பதில் சொல்லுதாம். எழும்புங்கோ. பதினொரு மணிக்கு நியாம்புரா அந்தக் கடைக்குப் போன் எடுப்பா."

தில்லையம்பலத்தின் கண் மாவிலையில் இல்லை. போட்டோவின் ஓரத்தில் ஒரு பழைய மாடிவீடு தெரிந்தது. வெளிப்பக்கப் படிக்கட்டு, கைப்பிடி இல்லை. எட்டு வருஷத்தில் அதைச் சுற்றி மூன்று தட்டு, நான்கு தட்டுக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. இருந்தும் அந்தப் படிக்கட்டை அவருக்குத் தெரியாமல் போகுமா? கோட்டை எடுத்து மாட்டினார். ஒரு கை உள்ளே போக மறுத்தது.

ரயில் மாறி, பஸ் மாறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மறுபடி ரயில் ஏறும்வரை டொலறஸ் பேசிக்கொண்டே வந்தாள். "தொலைஞ்சதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அந்தோனியார் இருக்கிறார். உங்கடை சமயத்திலை அந்த வேலைக்கு ஆளில்லை. அதாலைதான் உங்களுக்குப் பிழைப்பு ஓடுது." வேறு நாளென்றால் சிரித்திருப்பார். இன்று அவர் ரயில் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, மனதால் ரொங்காயில் இருந்தார்.

ரொங்காய். நைரோபி வீங்கி வெளியே வழிந்த இடம். 1988இல் ஒரு தார் ரோட்டும், இரண்டு பக்கமும் தகரக் கடைகளும், கல்லுடைக்கிற கிடங்கும்தான். பதினாலு பேரை ஏஜென்ட், படிக்கட்டுக்குக் கைப்பிடிகூட வைக்காத, கட்டி முடியாத ஒரு கல்வீட்டில் அடைத்து வைத்திருந்தான். காலையில் எழும்பிப் பார்த்தால் எதிரே ஒரு புதுச் சுவர் நிற்கும். "நாங்கள் போறதுக்கிடையிலை இது கொழும்பாகியிடும்" என்பான் சபாரத்தினம். அவன் மேசன், சுவரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். தில்லையம்பலத்துக்கு அடுத்த பாய் அவனுடையது. கௌரிக்குச் சமைக்கிற குசினி எந்தப் பக்கம் இருந்தால் பிடிக்கும் என்பதுவரை அவன் சொல்லிக் கேட்டாயிற்று.

லண்டனுக்கு அனுப்புகிற வரிசையில் சபாரத்தினம் முதலாவது, தில்லையம்பலம் பதினோராவது. ஒரு திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குக் கார் வந்தது. ஓட்டி வந்தவன் புதியவன், யாருடைய முகமும் தெரியாது. கையில் ஒரு மலேசியப் பாஸ்போர்ட். அதிலிருந்த ஆளுக்குக் கண்ணாடியும் மீசையும். இரண்டும் இருந்தால் யாரும் அந்த ஆள்தான். "சபாரத்தினம் ஆர்? கெதியா!" என்று கத்தினான். சபாரத்தினம் மேல்மாடியில் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். ராகுகாலம் முடியாமல் படி இறங்கமாட்டேன், ஒன்பது மணிவரை பொறுக்கச் சொல்லு என்று முதல்நாளே தில்லையம்பலத்திடம் சொல்லி வைத்திருந்தான். அதைச் சொல்வதற்குத்தான் அவர் வாசலுக்குப் போனார்.

"சபாரத்தினம் ஆர்? நான் போகப்போறன்!"

வாசலுக்குப் போனவர் வேறு ஒரு சொல்லைச் சொன்னார்.

"நான்தான்."

செவன் கிங்ஸில் நியாம்புரா இரவு ஷிப்ட் முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் இருந்தார். ஐம்பது வயது, பெரிய குரல். மேசை முழுக்கப் போட்டோ போட்டோவாக ரொங்காய் பரந்து கிடந்தது. அத்திவாரம், முதல் வரி கல், ஜன்னல், பிறகு அந்த நிலை.

"என்னுடைய ஃபுண்டியைப் பற்றியா? ஃபுண்டி என்றால் மேசன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "நல்ல கைவேலைக்காரன். ஆனால் கிறுக்கு. எதைச் சொன்னாலும் 'பொறு' என்பான். ஊரில் அவனுக்குப் பொறு மேசன் என்றே பெயர். தினமும் ஒன்றரை மணி நேரம் கரண்டியைக் கீழே வைத்துவிடுவான். அதுவும் ஒரே நேரத்தில் இல்லை! வேறு எங்கோ இரண்டாவது வேலை செய்கிறான் என்று என் தம்பி ஒரு வாரம் முழுக்க எழுதி வைத்தான். இதோ."

கடிதத்தைத் தள்ளினார். தில்லையம்பலம் வாசித்தார். திங்கள் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன் ஒன்றரை முதல் மூன்று. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. சனி ஒன்பது முதல் பத்தரை.

"பின்னால் போய்ப் பார்த்தாரா தம்பி?" என்று கேட்டார் தில்லையம்பலம்.

"பார்த்தான். எங்கும் போகவில்லை. மணல் குவியலில் உட்கார்ந்திருக்கிறான்!"

டொலறஸ் தோளைக் குலுக்கினாள். "சாப்பாட்டு நேரமுமில்லை. புதன்கிழமை மட்டும்தான் பொருந்துது. என்னண்ணை இது, லொட்டரி நம்பரோ?"

தில்லையம்பலம் சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த வீட்டில் அந்தப் பட்டியலைத் திறக்கிற திறப்பு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. ஒரு தலையாட்டலோடு கேஸ் செத்திருக்கும், திங்கட்கிழமை சிவகௌரி கையெழுத்துப் போட்டிருப்பாள், எல்லாரும் அவரவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். அப்படி நினைத்தார் என்பதும் உண்மைதான்.

"மேலை உன்ரை அறையிலை எங்கடை கீழ்க்கடை குடுத்த நாள்காட்டி இருக்கெல்லே?"

"ஓம், தாள் கிழிக்கிற கலண்டர். நான் திகதி மட்டும்தான் பாக்கிறனான்."

"கழட்டிக்கொண்டு வா. கீழை சின்ன எழுத்திலை 'ராகு' எண்டு போட்டிருக்கும். வாசி."

டொலறஸ் வந்து வாசித்தாள். "சனி, ஒன்பது - பத்தரை." தாளைப் புரட்டினாள். ஞாயிறைத் தாண்டினாள். "திங்கள், ஏழரை - ஒன்பது." அடுத்தது. அடுத்தது. வெள்ளிக்கிழமைக்கு வந்தபோது தாளை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அந்தோனியாரே" என்றாள் மெதுவாக. "ஆபிரிக்காவிலை ராகுகாலம் பாக்கிற மேசன்!"

"அவனிட்டை ஒரு சின்ன மஞ்சள் புத்தகம் இருக்கோ எண்டு கேள்."

"இருக்கிறது" என்றார் நியாம்புரா. "கிழிந்து தொங்குகிறது. எட்டு வருஷத்துப் பழைய புத்தகம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்."

ராகுகாலத்துக்கு எந்த வருஷத்துப் பஞ்சாங்கமும் போதும். கிழமை மாறாதவரை அது மாறாது.

"கலியாணம் கட்டியிருக்கிறானா?" தில்லையம்பலம் கேட்டார். ஆமாம் என்ற பதிலுக்காக அவர் மனது கும்பிட்டுக்கொண்டு நின்றது. அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தால் தன் பாவத்தில் பாதி குறைந்துவிடும். இப்படியும் ஒரு மனிதன் நினைப்பானா என்று அவருக்கே கூசியது.

"எத்தனையோ பேர் பெண் தரக் கேட்டார்கள். மாட்டானாம். கல்லுக்கிடங்குக்குப் பின்னால் சின்னத் துண்டு நிலம் வைத்திருக்கிறான். ரொங்காயில் இப்போது எல்லாரும் வீடு கட்டுகிறார்கள், இவன் மட்டும் அத்திவாரத்தோடு நிற்கிறான். கேட்டால், குசினி எந்தப் பக்கம் என்று பெண்சாதி வந்துதான் சொல்ல வேண்டும் என்கிறான்."

தில்லையம்பலம் எழும்பி ஜன்னலண்டை போய் நின்றுகொண்டார்.

பதினொரு மணிக்கு நியாம்புரா போன் எடுத்தார். அங்கே பிற்பகல் இரண்டு. கடையில் காத்திருந்த தம்பியிடம் மேசனின் பெயரைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. சபாரத்தினம். அங்கத்திய நேரம் ஐந்து மணிக்கு லண்டனிலிருந்து ஒருவர் கதைப்பார், கடையில் காத்திருக்கட்டும் என்று சொல்லி வைத்தார்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஹரோவுக்கு மெட்ரோபொலிட்டன் லைன். எதிரும் புதிருமாக இருந்தார்கள். பேக்கர் ஸ்ட்ரீட் தாண்டியும் டொலறஸ் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருப்பது தில்லையம்பலத்துக்குப் பயமாக இருந்தது.

"ஏன் பிள்ளை, களைப்போ?"

"ஒரு கணக்கு இடிக்குது அண்ணை. எங்கடை கோப்பிலை என்ன இல்லை, சொல்லுங்கோ பாப்பம்."

"எல்லாம் இருக்குத்தானே."

"போட்டோ இல்லை. சிவகௌரி அக்கா வந்த அண்டைக்குக் கைப்பையைத் திறந்து, போட்டோவைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தவ. மாப்பிள்ளைமாரின்ரை போட்டோவுக்கு அலுமாரி வைச்சிருக்கிற மனுசன், காணாமல் போன ஆளின்ரை போட்டோவைக் கேக்கேல்லை. ஏழு கிழமையும் கேக்கேல்லை. உங்களுக்கு அந்த முகம் தேவைப்படேல்லை. ஏன்?"

தில்லையம்பலம் ரயிலின் தரையைப் பார்த்தார்.

"இண்டைக்கு முதுகைக் கண்டதும் உங்கடை முகம் போன போக்கைப் பாத்தன். மஞ்சள் புத்தகத்தைப் பற்றி ஆர் உங்களுக்குச் சொன்னது? அவர் ஏற வேண்டிய பிளேனிலை வேறை ஆரோ வந்திருக்கினம். ஏஜென்ட் பொய் எழுதேல்லை, அவனுக்குப் பேர்தான் தெரியும், ஆள் தெரியாது." டொலறஸின் குரலில் பகிடியே இல்லை. "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்னை இஞ்சை வேலைக்கு எடுத்துச் சோறு போட்டது நீங்கள். ஆனா இண்டைக்கு நீங்கள் சொல்லாட்டில், திங்கட்கிழமை நான் வேலைக்கு வரமாட்டன்."

"அவன் ஒன்பது மணிவரை பொறுக்கச் சொன்னவன்" என்றார் தில்லையம்பலம். "அதை நான் டிரைவருக்குச் சொல்லேல்லை. அவ்வளவுதான் நடந்தது." எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை வெளியே சொன்னார். சொல்லிக் கேட்டபோது 'அவ்வளவுதான்' என்ற சொல் எவ்வளவு கேவலமானது என்று விளங்கியது.

ஹரோவில் இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பத்மநாதன் கதவைத் திறந்தார். சொலிசிற்றரின் நீள உறை தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்தது. மலர் அப்போதுதான் தமிழ் வகுப்பிலிருந்து வந்து, புத்தகப்பையோடு சோபாவில் இருந்தாள்.

"ஆள் இருக்கிறார்" என்றார் தில்லையம்பலம். "லண்டனிலை இல்லை, தங்கச்சி. இஞ்சை வரவேயில்லை. நைரோபிக்குப் பக்கத்திலை ரொங்காயிலை இருக்கிறார். இப்ப கதைக்கலாம்."

சிவகௌரி உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. "எடுங்கோ" என்றாள்.

அவரே எண்ணைச் சுழற்றினார். கடைக்காரர் எடுத்தார், யாரையோ கூப்பிட்டார், பலகை உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அடுத்த பாயிலிருந்து குசினி பற்றிப் பேசிய அதே குரல். தில்லையம்பலம் ரிசீவரைச் சிவகௌரியிடம் நீட்டினார்.

"நான்தான்" என்றாள் அவள்.

அந்தச் சொல்லை இப்படியும் சொல்ல முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நெடுநேரம் "ஓம், ஓம்" என்று மட்டும் கேட்டது. "பிள்ளைக்குப் பத்து வயசாகுது." "முதல் சண்டை, பேந்து நாங்கள் ஊரை விட்டு எழும்பி அஞ்சு வருசம், கடிதம் எங்கை வாறது?" இடையில் ஒரு தடவை சிரித்தாள். பிறகு உடைந்துபோய் அழுதாள். "நான் உங்களை என்னவெல்லாம் நினைச்சுப்போட்டன்... பிள்ளைக்கும் அப்பிடித்தான் சொல்லி வளத்திட்டன்." மலர் எழும்பித் தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

சிவகௌரி ரிசீவரை நெஞ்சோடு பொத்திக்கொண்டு தமையன் பக்கம் திரும்பினாள். "அண்ணை, அவர் ஒருத்தரையும் விட்டிட்டுப் போகேல்லை. ராகுகாலம் முடியட்டும் எண்டு மாடியிலை இருந்தவராம். இறங்கி வர, வேறை ஆரோ அவற்றை பேரைச் சொல்லிக் காரிலை ஏறிப் போயிட்டினமாம். உன்ரை பேரிலை ஆள் போயிட்டுது எண்டு ஏஜென்ட்டும் கையை விரிச்சிட்டானாம்."

பத்மநாதன் கொதித்தார். "ஆரந்த நாய்? ஆரெண்டு கேள்!"

கேட்டாள்.

"தெரியுமாம். ஆனா சொல்லமாட்டாராம்." அவள் கண்ணைத் துடைத்தாள். "'பாவம், அவனையும் பாத்துக்கொண்டு ஒரு வீடு இருந்திருக்கும். எங்கையெண்டாலும் நல்லா இருக்கட்டும்' எண்டுறார்."

முடிந்தது. யாரும் இனிக் கேட்கப் போவதில்லை. கேஸ் வெற்றி, பத்மநாதன் கை குலுக்குவார், தேத்தண்ணி வரும். கதவு நாலடி தூரத்தில் இருந்தது. டொலறஸ் அவரைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தில்லையம்பலம் அண்ணை" என்றார் பத்மநாதன். "ஆளைக் கண்டுபிடிச்சுத் தந்தியள். அவன் ஆரெண்டும் உங்களாலை கண்டுபிடிக்க ஏலும்தானே?"

"தேடத் தேவையில்லை."

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அது இல்லாமல் சிவகௌரியின் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அவருடைய முகம் அவளுக்குத் தெரிந்தது, அது போதும்.

"நான்தான்."

ரிசீவருக்குள்ளிருந்து மட்டும், "கௌரி? ஆர் அங்கை கதைக்கிறது? கௌரி?" என்று சின்னதாக ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

சிவகௌரி அவரைத் திட்டவில்லை. பிறகு ரிசீவரை அவர் பக்கம் நீட்டினாள்.

"எனக்கில்லை" என்றாள். "அவருக்குச் சொல்லுங்கோ."

தில்லையம்பலம் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.